முக்கி எடுக்கும் பூச்சுகள்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கம்பத்துக் கிராமங்களிலிருந்தும் எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் வாசல் கேட், பிளையர், தண்ணீர் மோட்டார், கோவில் விளக்கு என்று எதைக் கொண்டுவந்தாலும், அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். பிளாஸ்டிக் பிடி போடுதல், மோட்டார் வார்னிஷ், சாயம் முக்குதல் ஆகியவற்றை நாங்களே செய்கிறோம். உருகிய துத்தநாகத்தில் (சிங்க்) முக்க வேண்டியவற்றை வெளியே ஆலைக்கு அனுப்புகிறோம்.

முக்கி எடுக்கிறதுன்னா என்னாண்ணே? சாயத் தொட்டியில போட்டு எடுக்கிறதுதானே?

பொருளைச் சுத்தம் செய்வது, திரவத்தில் இறக்குவது, சிறிது நேரம் உள்ளேயே வைத்திருப்பது, தூக்குவது, வடியவிட்டு உலர்த்துவது அல்லது சூட்டில் வேகவைப்பது என்று இதில் ஐந்து படிகள் உள்ளன. போட்டு எடுப்பது இவற்றில் மிகவும் எளிதான பகுதி. பூச்சு பல ஆண்டுகள் நிற்பதும் ஆறு மாதத்தில் உரிவதும் முதல் படியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ இருக்கும் இரும்பின்மேல் எவ்வளவு விலையுள்ள சாயமும் பிடிக்காது.

தூரிகையும் ஸ்ப்ரேயும் எட்டாத குழாயின் உட்புறம், சுருள் கம்பியின் இடுக்கு, பற்றவைத்த மூலை ஆகிய இடங்களிலெல்லாம் திரவம் தானாகவே போய்ச் சேரும் என்பதுதான் முக்குவதன் பலம். ஒரே ஒரு பொருளை முக்குவதற்கும் தொட்டி நிறையத் திரவம் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது அதன் பலவீனம். ஒரு கேட்டுக்காக மட்டும் தொட்டி கட்டச் சொல்பவர்களிடம் ஸ்ப்ரே அடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மெதுவா தூக்குனா தடிப்பா வரும், வேகமா தூக்குனா மெலிசா வரும். சரிதானே?

நேர்மாறானது. வேகமாகத் தூக்கும்போது திரவம் வழிந்து இறங்க நேரமில்லாமல் பொருளோடு கூடவே மேலே வந்துவிடுவதால் பூச்சு தடிப்பாகும். மெதுவாகத் தூக்கும்போது பெரும்பகுதி தொட்டிக்கே திரும்பிவிடும். லாண்டாவ், லெவிச் என்ற சோவியத் விஞ்ஞானிகள் 1942-இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வேகத்தை இரட்டிப்பாக்கினால் படலத்தின் தடிப்பு இரட்டிப்பாவதில்லை, ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. திரவத்தின் கொழகொழப்புக்கும் இதே கணக்குதான். பஜ்ஜி மாவைத் தண்ணீராகக் கரைத்தால் வாழைக்காயில் என்ன ஒட்டும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிக மிக மெதுவாகத் தூக்கும்போது மட்டும், தூக்கி முடிப்பதற்கு முன்பே தின்னர் ஆவியாகி ஓரத்தில் படலம் மறுபடியும் தடிப்பாகும் நிலை ஒன்று உண்டு. அது ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக்கும் கண்ணாடி வில்லைக்கும் பூச்சுப் போடுபவர்கள் கவலைப்பட வேண்டிய செய்தி.

பட்டறையில் வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம். பொருளைத் தூக்கும் செயின் பிளாக்கை விட்டு விட்டு இழுத்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பொருளைச் சுற்றி மோதிரம்போல் ஒரு கோடு விழும். காய்ந்த பிறகு அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தட்டையான பொருளை நேராகத் தொங்கவிடாமல் ஒரு மூலை கீழே வரும்படி சாய்த்துக் கட்டினால், வழியும் திரவமெல்லாம் அந்த மூலைக்கு வந்துசேரும். அங்கே தொங்கும் சொட்டை ஒரு கம்பியால் தொட்டு எடுத்துவிட்டால் அடி ஓரம் தடிக்காது.

எல்லா முக்கலுக்கும் இந்த ஒரே கணக்குதானா?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். மேலே சொன்ன கணக்கு சாயம், வார்னிஷ், அரக்குத் தைலம் போன்று திரவம் ஒட்டிக்கொண்டு வந்து காயும் பூச்சுகளுக்கு மட்டுமே பொருந்தும். ரப்பர் கையுறையில் படலத்தை உருவாக்குவது உப்பு: அச்சின்மேல் முன்கூட்டியே தடவிய கால்சியம் நைட்ரேட், ரப்பர் பாலை அந்த இடத்திலேயே உறைய வைக்கிறது. ஆகவே அந்த உப்பின் அடர்த்தியும், அச்சு பாலுக்குள் இருக்கும் நேரமும்தான் தடிப்பைத் தீர்மானிக்கின்றன.

பிளையர் பிடிக்குப் போடும் பி.வி.சி. பூச்சில் அந்த வேலையைச் செய்வது சூடு. இரும்பு எவ்வளவு சூட்டை உள்ளே சேமித்துக்கொண்டு திரவத்தில் இறங்குகிறதோ அவ்வளவு தடிப்பாகப் பசை அதன்மேல் கட்டிக்கொள்ளும். அதனால்தான் மெல்லிய கம்பியில் பூச்சு எப்போதும் மெலிதாகவே வருகிறது. துத்தநாகத்தில் முக்கும்போது நடப்பது வெறும் ஒட்டுதல் அல்ல. இரும்பும் துத்தநாகமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பல அடுக்குக் கலவை உலோகமாக மாறுகின்றன. இரும்பில் சிலிக்கான் அளவு கூடினால் அந்த வினை வேகமெடுத்து, பூச்சு சாம்பல் நிறமாகவும் தடிப்பாகவும் வந்துவிடும். ஒரே கேட்டில் ஒரு கம்பி பளபளப்பாகவும் பக்கத்துக் கம்பி மங்கலாகவும் இருந்தால் ஆலையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருளில்லை. இரண்டும் வேறு வேறு உருக்கு.

கார் உடல்களுக்கு மின்சாரத்தைச் செலுத்தித் தொட்டியில் முக்குவது ஐந்தாவது வகை. பூச்சுப் படிந்த இடத்தில் மின்சாரம் தடைப்பட்டு, படியாத இடத்தைத் தேடிப் போவதால், கதவின் உட்குழிவு வரை ஏறத்தாழ ஒரே தடிப்பாகச் சாயம் ஏறும்.

எங்க தோட்டத்துல பால் சும்மாவே கிடைக்குது அங்கள். வீட்டுலயே கையுறை பண்ணலாமா?

வடிவம் மட்டும் கிடைக்கும். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆலைக்குப் போகும் பால், சுழல் இயந்திரத்தில் 60 விழுக்காடு ரப்பராகச் செறிவூட்டப்பட்டு, கெடாமலிருக்க அம்மோனியா கலக்கப்பட்டது. அதில் கந்தகமும் வேறு சில பொருள்களும் சேர்த்து, அச்சில் படிந்த பிறகு சூட்டில் பதப்படுத்தினால்தான் இழுத்தால் திரும்பும் தன்மை வரும். சும்மா காயவைத்த பால் வெயிலில் பிசுபிசுத்து, சில வாரங்களில் கையோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டத்தில் ரப்பர் ஷீட் போட ஃபார்மிக் அமிலம் ஊற்றிப் பாலை மொத்தமாக உறைய வைப்பதைப் பார்த்தவர்கள், அதையே அச்சுக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். ஆலையில் உறைதல் அச்சின் மேற்பரப்பில் மட்டும் நடக்க வேண்டும். தொட்டிப் பால் திரவமாகவே இருக்க வேண்டும்.

கமுந்திங் பக்கம் கையுறை ஆலை வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால், அச்சுகள் பாலிலிருந்து வெளியே வந்ததும் சுழன்று சுழன்று போவதைச் சொல்வார்கள். விரல் நுனியில் பால் திரண்டு நிற்காமலிருக்கத்தான் அந்தச் சுழற்சி. பிறகு வெந்நீரில் அலசுவது, மிஞ்சிய உப்பையும் சிலருக்கு ஒவ்வாமை தரும் பால் புரதத்தையும் வெளியேற்றுவதற்காக. மருத்துவக் கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் கவனிப்பார்கள். வீட்டில் செய்ததை அப்படித் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிளையர் பிடி முக்கிக் கொடுத்தீங்க, நல்லா இருக்கு. இனி கரண்டு வேலைக்கு இதை வெச்சிக்கலாம்தானே?

கூடாது. நாங்கள் போடுவது கை வழுக்காமலும் வியர்வையில் துருப்பிடிக்காமலும் இருப்பதற்கான உறை மட்டுமே. மின்வேலைக்கான கருவி ஐ.இ.சி. 60900 என்ற தரத்தின்படி 1000 வோல்ட் என்று முத்திரையிடப்பட்டிருக்கும். அத்தகைய கருவிகளை 10,000 வோல்ட்டில் சோதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுக்குமிழி எங்கள் பூச்சில் இருந்தால் பிடிமானத்துக்கு எந்தக் குறையும் வராது. மின்சாரத்துக்கு அது ஒரு வாசல்.

பழைய பிடி கழண்டு கழண்டு வருதே, அது ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். பி.வி.சி. இரும்போடு தானாக ஒட்டாது. அடியில் அதற்கென்று உள்ள பிரைமரைத் தடவாவிட்டால் அது உறைபோல இறுக்கிப் பிடித்திருக்குமே தவிர ஒட்டியிருக்காது. இல்லாவிட்டால் அடுப்பில் வேக்காடு போதவில்லை. 200 பாகை அளவில் சூடேற்றிய இரும்பில் பசை கட்டியதும் அது மங்கலாக இருக்கும். மறுபடி அடுப்பில் வைத்து, அந்த மங்கல் போய்ப் பளபளப்பு வரும்வரை விட வேண்டும். வேகாத பூச்சை நகத்தால் கீறினாலே பிய்ந்து வரும். அளவுக்கு மீறி வெந்தால் பழுப்பேறி, மூக்கை எரிக்கும் அமிலப் புகை வரும். அந்தப் புகையைச் சுவாசிக்கவே கூடாது.

கேட்டை சிங்க்ல முக்குனா எத்தன வருசம் தாங்கும்?

இரும்பின் தடிப்பையும் கேட் நிற்கும் இடத்தையும் சொன்னால்தான் விடை சொல்ல முடியும். ஆலையில் இரும்பை எண்ணெய் நீக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துருவைக் கரைத்து, சிங்க் அம்மோனியம் குளோரைடு கரைசலில் நனைத்து, ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில் உருகியிருக்கும் துத்தநாகத்தில் இறக்குகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 1461 தரத்தின்படி 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரும்பில் பூச்சின் சராசரி குறைந்தது 85 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். 3 முதல் 6 வரை 70, ஒன்றரை முதல் 3 வரை 55, அதற்கும் மெல்லியதில் 45.

நடுத்தர அரிப்புச் சூழல் என்று ஐ.எஸ்.ஓ. 9223 வகுக்கும் இடங்களில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை தேயும். 2 மில்லிமீட்டர்க் குழாயில் செய்த கேட்டுக்கு 55 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு, மோசமான கணக்கையே எடுத்தாலும் 25 ஆண்டுகளுக்குக் குறையாது. லுமுட், பந்தாய் ரெமிஸ் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று இந்தத் தேய்மானத்தை இரண்டு மடங்குக்கும் மேல் ஆக்கிவிடலாம். சிறு கீறல் விழுந்தால் பயப்பட வேண்டாம்: பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். சாயத்துக்கு இந்தக் குணம் இல்லை. சாயத்தில் ஒரு கீறல் விழுந்தால் துரு அதன் அடியிலேயே ஊர்ந்து போகும்.

கடையில ஜி.ஐ. குழாய்னு சொல்லித்தான் வாங்கினேன். ரெண்டு வருசத்துல பத்தவெச்ச எடமெல்லாம் செவந்துபோச்சு. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு, அதில் வகை வேறு. தகட்டை முதலில் துத்தநாகத்தில் ஓட்டி எடுத்து, அதன் பிறகு குழாயாக மடித்து விற்பது ஒரு வகை. சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் என்று குறிக்கப்பட்ட தகட்டில் ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். மேலே சொன்ன 55-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை வெட்டிப் பற்றவைக்கும்போது அந்த இடத்தில் இருந்ததும் எரிந்து போய்விடுகிறது. பளபளவென்று இருக்கும் மின்முலாம் போட்ட போல்ட்டுகளில் அதைவிடவும் குறைவு.

ஆகவே வாங்கும்போது, செய்து முடித்த பிறகு முக்கியதா, முக்கிய தகட்டில் செய்ததா என்று கேளுங்கள். பற்றவைத்த இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து துத்தநாகத் தூள் மிகுந்த சாயத்தைத் தடிப்பாகப் பூசினால் தப்பிக்கலாம். பூசிய கேட்டைப் பற்றவைப்பவர்கள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவு குளிர்காய்ச்சல் வரும்.

கேட்டுக் குழாயில எதுக்கு ஓட்டை போடச் சொல்றாங்க? பார்க்க அசிங்கமா இருக்கே.

உயிருக்காக. இரு முனையும் மூடிய குழாய்க்குள் சிறிது ஈரம் இருந்தால்கூட, 450 பாகையில் அது நீராவியாகிக் குழாயையே வெடிக்க வைத்து, உருகிய துத்தநாகத்தை ஆட்கள்மேல் இறைத்துவிடும். வெடிக்காவிட்டாலும் உட்புறம் பூச்சு ஏறாது, உள்ளே புகுந்த அமிலமும் வெளியே வராது. ஓட்டைகளை இரண்டு கோடியிலும் எதிரெதிர் மூலையில், கண்ணில் படாத பக்கத்தில் போடச் சொல்லுங்கள். பிறகு பிளாஸ்டிக் மூடியால் அடைத்துக்கொள்ளலாம்.

செம்பனை அரிவாளையும் சிங்க்ல முக்கிட்டா துருவே பிடிக்காதுல்ல?

துரு பிடிக்காது, வெட்டவும் வெட்டாது. அலகின் கூர் நிற்பதற்குக் காரணம் அதற்குக் கொல்லர் கொடுத்த பதம். 450 பாகைச் சூட்டில் அந்தப் பதம் இறங்கி அலகு மென்மையாகிவிடும். மிக உயர்ந்த பலமுள்ள போல்ட்டுகளையும் வில் கம்பிகளையும் ஆலைக்காரர்கள் தயங்கித் தயங்கி வாங்குவதற்கு வேறு காரணம் உண்டு: துரு நீக்கும் அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, பிறகு எதிர்பாராத நேரத்தில் முறியச் செய்யும்.

அரிவாளுக்கு வேலை முடிந்ததும் குலைச் சாற்றைத் துடைத்து எண்ணெய் தடவுவதே போதும். புதிதாக வாங்கும் வெட்டுக் கருவிகள் சிலவற்றின் முனையில் தேன் நிறத்தில் எண்ணெய்ப் பசையோடு ஓர் உறை இருக்கும். கத்தியால் கீறினால் முழுதாக உரிந்து வரும். அதுவும் முக்கிப் போடும் பூச்சுதான், கடைக்கு வந்து சேரும்வரை கூர்முனையையும் கையையும் காக்க. அதை உரிக்காமல் தோட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டாம்.

ரப்பர் பால் வாளி, உர வாளி எல்லாம் சிங்க் பூச்சுல வாங்கலாமா?

துத்தநாகம் அமிலத்தையும் தாங்காது, கடுங்காரத்தையும் தாங்காது. ஃபார்மிக் அமிலம் பட்டால் சீக்கிரமே கரையும். பொட்டாஷ் உரத்தின் குளோரைடும் அம்மோனியம் சல்பேட்டும் ஈரத்தோடு சேர்ந்து பூச்சைத் தின்றுவிடும். அம்மோனியா கலந்த பாலிலோ துத்தநாகம் கரைந்து பாலையே தடித்துப்போகச் செய்யும். செம்பும் பித்தளையும் அதைவிட மோசம், ரப்பரையே கெடுக்கும். இதற்கெல்லாம் பிளாஸ்டிக் வாளியை வாங்குங்கள்.

தண்ணி மோட்டாருக்குப் புதுசா கம்பிக் காயில் கட்டினேன். வார்னிஷ் முக்காம விட்டா என்ன ஆகும்? கம்பியிலதான் ஏற்கெனவே பூச்சு இருக்கே?

நல்ல கேள்வி. எனாமல் கம்பியின் பூச்சுதான் முதன்மையான மின்காப்பு என்பது உண்மையே. வார்னிஷ் செய்யும் வேலை வேறு: மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு கம்பியும் நொடிக்குப் பலமுறை அதிர்ந்து பக்கத்துக் கம்பியோடு உரசுகிறது. வார்னிஷ் அவற்றை ஒரே கட்டியாக இறுக்குகிறது, ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது, கம்பியின் சூட்டை இரும்புக்குக் கடத்துகிறது. முக்காத மோட்டார் உடனே கெடாது. எனாமல் உரசித் தேய்ந்து, ஒரு மழைக்காலத்தில் கருகும்.

முதலில் காயிலை 110 பாகை அளவில் சில மணி நேரம் சூடாக்கி ஈரத்தை விரட்ட வேண்டும். கையால் தொடக்கூடிய இளஞ்சூட்டுக்கு இறங்கியதும் வார்னிஷில் இறக்கினால், இடுக்குகளிலிருந்து நுரை நுரையாகக் குமிழி கிளம்பும். அந்தக் குமிழி முற்றிலும் நிற்கும்வரை எடுக்கக் கூடாது. அதற்குமுன் எடுத்தால் உள்ளே காற்றுதான் இருக்கிறது, வார்னிஷ் இல்லை. இரண்டாம் கேள்வியில் சொன்னதுபோல் மெதுவாகத் தூக்கி, வடியவிட்டு, ரோட்டர் சுழலும் உட்பரப்பைத் துடைத்துவிட்டு, டின்னில் எழுதியுள்ள சூட்டிலும் நேரத்திலும் அடுப்பில் வைக்க வேண்டும். அவசரத்துக்கு வெயிலில் காயவைத்துத் தரச் சொல்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை.

கோவில் குத்துவிளக்கு கறுத்துக் கறுத்துப் போகுது. தேய்ச்சுட்டு லாக்கர் வார்னிஷ்ல முக்கிடலாமா?

ஏற்றாமல் அலங்காரத்துக்கு நிற்கும் விளக்குக்கு, கதவுக் குமிழுக்கு, பெயர்ப் பலகைக்குச் செய்யலாம். சுடர் எரியும் விளக்கில் லாக்கர் சூட்டில் கருகி, திட்டுத்திட்டாகப் பழுப்பேறும். பிறகு தேய்த்தாலும் போகாது, உரிக்கத்தான் வேண்டும். புளி இருக்கிறதே.

ரப்பர்ப் பலகையில கட்டில் செஞ்சா உளுத்துப்போகுமாம். சாயம் முக்கினா சரியாகுமா?

சாயம் வெளியே நிற்கும். வண்டும் பூஞ்சையும் உள்ளே தின்னும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் அறுத்த சில நாள்களிலேயே நீலம் பாய்ந்துவிடும். அதனால் அறுத்த உடனே, பச்சைப் பலகையாக இருக்கும்போதே, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் ஏற்றப்பட வேண்டும். ஆலைகளில் அழுத்தத் தொட்டியில் ஏற்றுகிறார்கள். சிறிய அளவில் செய்வோர் முக்கி எடுத்து, அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடிச் சில வாரங்கள் வைத்தால் மருந்து மெல்ல உள்ளே ஊறும். இதில் மட்டும் பலகை ஈரமாக இருப்பது நன்மை. மழையில் நனைந்தால் இந்த மருந்து கரைந்து போய்விடும் என்பதால் வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமானுக்குத்தான் பொருந்தும். பலகை காய்ந்த பிறகு மேலே வார்னிஷ் போடுவது உங்கள் விருப்பம்.

முக்கிக் கொண்டுவந்த கேட்டுல வெள்ளையா மாவு பூத்திருக்கு. மேல சாயம் அடிச்சு மறைச்சிடவா?

காற்று புகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மழையில் வைத்தால் புதிய துத்தநாகம் இப்படிப் பூக்கும். இலேசாக இருந்தால் நைலான் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இடைவெளி விட்டுக் காற்றாட நிறுத்துங்கள். அதன்மேல் சாயம் அடித்தால் தாள்போல உரியும். சுத்தமான புதிய பூச்சின்மேல்கூடச் சாதாரண எண்ணெய்ச் சாயம் நிற்காது. துத்தநாகத்துக்கு உரிய பிரைமரை முதலில் பூச வேண்டும்.

துரு எடுத்த அசிட்டை என்னா செய்றது? சுண்ணாம்பு போட்டுக் கால்வாயில ஊத்திட்டா போதாதா?

போதாது. சுண்ணாம்பு அமிலத்தின் வீரியத்தைத்தான் அடக்கும். அதில் கரைந்திருக்கும் இரும்பும் துத்தநாகமும் சேறாக அங்கேயே இருக்கும். தொழிலாகச் செய்பவர்களின் இத்தகைய கழிவுகள் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன: பெயர் ஒட்டிய மூடிய கலனில், 180 நாளுக்கும் 20 டன்னுக்கும் மிகாமல் வைத்திருந்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய தின்னரும் கட்டிப்போன வார்னிஷும் அப்படியே. வீட்டில் ஒரு பூட்டுக்கோ கீலுக்கோ துரு எடுக்க வேண்டுமென்றால் கடை அசிட் வேண்டியதில்லை. இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவிக் காயவைத்து, அன்றைக்கே எண்ணெயோ பிரைமரோ பூசிவிடுங்கள். மறுநாள்வரை விட்டால் நம் ஊர் ஈரத்தில் மீண்டும் செம்மஞ்சள் ஏறிவிடும்.